தேங்காய் தண்ணில செல்லுலோஸ் ஏடு கட்டவே மாட்டேங்குது, உதவி ப்ளீஸ்

காங்கேயம்_களம்: அவசரங்க. நம்ம கொப்பரை களத்துல காய் உடைக்கிற தண்ணி பூரா வாய்க்கால்ல தான் போகுது, நாத்தம் தாங்கல, அதான் பாக்டீரியா விட்டு செல்லுலோஸ் ஏடு, ஜெல்லி மாதிரி நார்ப் படலம், எடுக்கலாம்னு ஆரம்பிச்சேன், எட்டு நாளாச்சு, மேல வெள்ளையா சுருக்கம் சுருக்கமா பால் ஆடை மாதிரி நிக்குது, தொட்டா உடைஞ்சு உள்ள போயிடுது. எங்க தப்புங்க?

லேப்_அக்கா: தம்பி பிஹெச், அதான் புளிப்பு அளவு, எவ்ளோ? சர்க்கரை? ஸ்டார்ட்டர், உறை மாதிரி விடற பாக்டீரியா தண்ணி, ஏது? ஒண்ணுமே சொல்லலியே.

வினிகர்_வேலு: ஸ்டார்ட்டர் தான், சந்தேகமே வேணாம். சிந்தெடிக் வினிகர்ல உயிரே கிடையாது. டப்பால வர்ற நாட்டா டி கோகோவும் (இதே ஏட்டை துண்டு போட்ட ஜெல்லி) ஆகாது, அது வேகவெச்சு அடைச்சது.

நுண்ணுயிர்_சார்: அடிப்படை படிச்சிட்டு இறங்குங்கப்பா. இந்த பாக்டீரியா வளர்க்கற கரைசல், ஹெஸ்ட்ரின் ஷ்ராம் மீடியம், 1954ல இருந்தே இருக்கு. குளுக்கோஸ் 2%, பெப்டோன் (புரதச் சத்துப் பொடி) 0.5%, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 0.5%, பிஹெச் 6. முதல்ல அதுல வளர்த்து காட்டுங்க.

லேப்_அக்கா: சார், பெப்டோன் விக்கிற விலைக்கு யாருக்கு கட்டுப்படியாகும்? வீணாப்போற தண்ணில வளர்க்கறதே அதுக்குத்தானே.

காங்கேயம்_களம்: ஸ்டார்ட்டர் நாட்டா போடற ஒருத்தர்கிட்ட வாங்குனதுங்க, தடியா ஏடு இருந்துச்சு. சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம். தண்ணி முந்தின நாள் டிரம்ல புடிச்சது, வெதுவெதுன்னு சூடு பண்ணிட்டு ஊத்துனேன். ஆசிட் ஊத்தல. தெனமும் ட்ரேய தூக்கி பார்ப்பேன்.

லேப்_அக்கா: வாசம் வினிகரா, கள்ளா?

காங்கேயம்_களம்: கள்ளு தாங்க.

லேப்_அக்கா: அப்ப அது ஈஸ்ட். ராத்திரியே டிரம்ல ஏறிடுச்சு, வெதுவெதுப்புல சாகாது. உடைச்ச அன்னைக்கே துணில வடிகட்டுங்க, எண்ணெய் மிதந்தா எடுத்துடுங்க, பத்து பதினைஞ்சு நிமிஷம் நல்லா கொதிக்க வைங்க, சர்க்கரையும் லிட்டருக்கு 5 கிராம் அம்மோனியம் சல்பேட்டும் அதுலயே கரைச்சு, ஆறுனதும் கிளேஷியல் அசிட்டிக் ஆசிட் (தண்ணி கலக்காத வினிகர் ஆசிட்) விட்டு பிஹெச் 4, 4.5க்கு கொண்டுவாங்க, அந்த புளிப்புல நம்ம பாக்டீரியா தாங்கும், மத்த பாக்டீரியா பலதும் திணறும். அப்புறம் லிட்டருக்கு ஸ்டார்ட்டர் 100 மில்லி. அலுமினிய பாத்திரம் வேணாம், ஆசிட் அரிச்சுடும். மேல துணி கட்டுங்க, காத்து வேணும், ஏடு காத்து படுற எடத்துல தான் கட்டும். ட்ரேய அசைக்கவே கூடாது, அசைச்சா பாதி கட்டுன ஏடு முங்கிடும்.

வினிகர்_வேலு: அம்மோனியம் சல்பேட் உரக்கடைலயே கெடைக்கும்.

தென்னை_67: திங்கற பொருளுக்கு உரமா? ஃபுட் கிரேடுன்னு கேட்டு வாங்கணும்.

வினிகர்_வேலு: திங்கறதுக்குன்னு அவரு எங்க சொன்னாரு? கேரளாவுல மலாய்னு ஒரு கம்பெனி இதுல தோல் மாதிரி ஷீட்டே பண்றாங்க.

தென்னை_67: இன்னைக்கு ஷீட்டும்பாங்க, நாளைக்கு ஃபலூடால போடுவாங்க. உர மூட்டைல என்ன உலோகம் கலந்திருக்குன்னு நீங்க சோதிச்சீங்களா?

நுண்ணுயிர்_சார்: ரெண்டு பேரும் ஸ்டார்ட்டர்ல வேற கிருமி கலக்காம இருக்கணும்ங்கறத பத்தி பேசவே இல்ல.

லேப்_அக்கா: தம்பி, சாப்பிடவா ஷீட்டுக்கா?

(13 நாள் கழிச்சு)

காங்கேயம்_களம்: ஷீட்டுக்கு தாங்கக்கா. நாலு ட்ரேல மூணு வந்துருச்சு, விரல் தடிமன், நுங்கு மாதிரி இருக்கு. ஒண்ணுல பச்சை பூஞ்சை, கொட்டிட்டேன். காஸ்டிக் சோடாவுல கழுவணுமாமே, எவ்ளோ போடணும்?