புதுப்பிப்பு: தானாக இறங்கும் சீட், முழங்கால் வலி (சரியாகிவிட்டது)

போன மாதம் கேட்டிருந்தேன்: பழைய கியர் சைக்கிளில் சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் கம்பி) ஓட்ட ஓட்டக் கீழே இறங்குகிறது, முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது, கேன் தகட்டைப் போஸ்ட்டில் சுற்றும் யோசனைதான். போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை மேலும் இறுக்கிப் பார்த்ததில் போல்ட்டின் மரை போனதுதான் மிச்சம். கழற்றி அளந்தால் போஸ்ட் செருகும் பிரேம் குழாயின் உள்விட்டம் 25.4 மி.மீ., போஸ்ட் 25! குளிர்பான கேனை வெட்டி இரண்டு சுற்று சுற்றிச் செருகினேன். இரண்டு வாரமாக, ஒட்டிவைத்த டேப் அடையாளத்தைவிட்டு அசையவில்லை.

உயரத்துக்கு, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்கும் கணக்கு. 4 செ.மீ. ஏற்றினேன், வலி போச்சு. போஸ்ட்டில் இருக்கும் எல்லைக்கோடு மட்டும் வெளியே தெரியக்கூடாது.

எதிர்பாராதது: ஏற்றியதும் உட்காரும் இடம் மரத்துப்போனது. சீட்டின் மூக்கு தூக்கியிருந்திருக்கிறது; அடி நட்டைத் தளர்த்தி மட்டமாக்கினேன். செலவு, புது போல்ட் 20 ரூபாய். கேன் கடை வாசலில் கிடந்தது.