வீட்டில் சொல்லிக்கொடுப்பது பெரியவர்களான பிறகும் நிற்குமா?

மழைக்குருவி:
மகளுக்கு 8 வயது. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் நானே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் ஒன்றும் டீச்சர் இல்லை. நேற்று 1/4 பெரிசா, 1/8 பெரிசா என்று கேட்டேன். "எட்டுதானே நாலைவிடப் பெரிசு" என்றாள். மூன்றாவது தடவையும் அதையே சொன்னதும் கத்திவிட்டேன். வீட்டில் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பேசாமல் டியூஷனுக்கு அனுப்பிவிடலாமா?

பழைய நோட்டு:
நான் அப்பாவிடம் படித்தவன். இப்போது வயது 43. அவர் சொல்லிக்கொடுத்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது, அவர் ரப்பரை ஒளித்துவைப்பதுதான். தப்பானால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழேயே மறுபடி போட வேண்டும். ஒரு நாள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினேன். "சரி, 2/5 அரையைவிடப் பெரிசா, சின்னதா?" என்றார். சின்னது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்? அதற்கப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. நான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (பல நாள் எரிச்சலாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.) இன்று அலுவலகத்தில் கணக்கு இடித்தால் நான் ஷீட்டை அழிப்பதில்லை. பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த வரியில் சறுக்கியது என்று தேடுகிறேன்.

1/8-க்கு ஒரு தாளை மடிக்கச் சொல்லுங்கள். மூன்று மடிப்பில் எட்டுக் கட்டம் வரும். அவளே எண்ணட்டும்.

இரவுப்பணி:
அளவோடு இருக்கட்டும். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு அவர் அப்பா 3 வயதில் கிரேக்கமும் 8 வயதில் லத்தீனும் ஆரம்பித்தார். மகன் பெரிய அறிஞராக வந்தார், ஆனால் 20 வயதில் மனசு உடைந்து எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்ததை அவரே எழுதியிருக்கிறார். பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கலின் அப்பா நேரெதிர். முதலில் மொழிகள்தான் என்று கணிதப் புத்தகங்களையே ஒதுக்கிவைத்தார். பையன் 12 வயதில் தானாகவே முக்கோணத்தைக் குடைய ஆரம்பித்ததும் யூக்ளிடின் வடிவியல் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார். அதே பையன் 1642-ல் அப்பாவின் வரிக் கணக்குச் சுமையைக் குறைக்கக் கூட்டல் இயந்திரம் செய்யக் கிளம்பினான். அரை மணி போதும், அவளாகக் கேட்டால் நீட்டுங்கள்.

மழைக்குருவி:
தாளை மடித்தோம். எட்டில் நிற்கவில்லை. நாலாவது மடிப்பு மடித்து, "இது பதினாறு, இன்னும் குட்டி" என்றாள். ஐந்தாவதுக்கு நகம் வைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. ரப்பரையும் ஒளித்துவைத்துப் பார்த்தேன். அதில் மட்டும் ஏகக் கோபம், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.