குவாலியாவுக்கு 'உட்பாடு' என்று சொல்லலாமா?

> 'உணர்வு' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொல். புதிதாக எதற்கு?

ஐயா, வணக்கம். குவாலியா (qualia) என்பது சிவப்பைப் பார்ப்பதோ குளிர்வதோ அவரவருக்கு உள்ளிருந்து எப்படி இருக்கிறதோ அது. நம் கலைச்சொல் குழுவில் அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது நீங்கள் கேட்ட மேற்கண்ட கேள்வி இரண்டு நாளாக மனதிலேயே இருந்தது. உணர்வு நல்ல சொல்தான். ஆனால் அதை நாம் ஏற்கெனவே கருவிகளுக்குக் கொடுத்துவிட்டோம். சென்சாருக்கு 'உணரி' என்று பெயர் வைத்தோம், அது நிலைத்தும் விட்டது. இங்கே கொடைக்கானலில் ஜனவரி விடிகாலையில் புல்தரை முழுக்க உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும். வாசல் வெப்பமானி 2 டிகிரி காட்டும். அதிலுள்ள உணரி குளிரை உணர்கிறது என்று எழுதினால் யாரும் தவறு சொல்லமாட்டார்கள். ஆனால் அதற்குக் குளிரவில்லை. எனக்குக் குளிர்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் நமக்கு ஒரு சொல் வேண்டும்.

நான் இதில் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் ஒரு மாணவன். ஊருக்கு மேலே இருக்கும் சூரிய ஆய்வகத்தைக் குழுவில் பலர் அறிந்திருப்பீர்கள். வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கேதான். ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டில், அதாவது 656.3 நானோமீட்டரில், அங்கே பல பத்தாண்டுகள் சூரியனைப் படம் எடுத்தார்கள். அந்தக் கண்ணாடித் தகடுகள் எல்லாமே கறுப்பு வெள்ளை. சிவப்பு ஒளியில் எடுத்த படம், ஆனால் தகட்டில் சிவப்பு இல்லை, கருமையும் வெண்மையும்தான். இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. வீட்டுத் தோட்டத்தில் பிளம்ஸ் பறிக்கும்போது நிறம் பார்க்காமல் அமுக்கிப் பார்த்துத்தான் பழுத்ததை எடுப்பான். "சார், 656.3 எனக்கு மனப்பாடம். ஆனா உங்களுக்கு அது எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

நான் அலைநீளம் சொன்னேன், விழித்திரையில் நிறம் பிரித்தறிய உதவும் கூம்புச் செல்களைச் சொன்னேன், மூளைக்குப் போகும் நரம்பைச் சொன்னேன். அவனுக்கு எல்லாம் புரிந்தது. கேட்டது மட்டும் அப்படியே நின்றது.

தத்துவ அறிஞர் பிராங்க் ஜாக்சன் 1982-இல் மேரி என்ற கற்பனை அறிவியலாளரை வைத்துக் கேட்டதும் இதைத்தான். கறுப்பு வெள்ளை அறைக்குள்ளேயே வளர்ந்து, நிறம் பற்றிய இயற்பியல் முழுவதையும் கற்றுத் தேர்ந்தவள் முதல்முறை வெளியே வந்து சிவப்பைப் பார்த்தால், புதிதாக ஏதாவது தெரிந்துகொள்வாளா? ஆம் என்றே வாதிட்ட ஜாக்சன் பிற்பாடு தம் முடிவை மாற்றிக்கொண்டார். கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்தப் பையன் வாயில் வந்த 'உங்களுக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1974-இல் தத்துவ அறிஞர் தாமஸ் நேகல் வௌவாலை வைத்து ஒரு கேள்வி கேட்டார். எதிரொலியால் வழி கண்டு பறக்கும் அந்த உயிரின் உடலமைப்பு முழுவதும் நமக்குத் தெரிந்துவிட்டாலும், அதன் அனுபவம் உள்ளிருந்து எப்படி இருக்கும் என்பது தெரியுமா என்பது அவர் கேள்வி. இதை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'வௌவாலாக இருப்பது எப்படி?' என்று எழுதுகிறார்கள். அது 'நீந்துவது எப்படி?' மாதிரி, ஏதோ செய்முறை விளக்கம் போலக் காதில் விழுகிறது. தமிழில் 'வௌவாலுக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் போதும். காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் நாம் தினமும் கேட்பதுதானே. எனக்குக் குளிர்கிறது, எனக்கு வலிக்கிறது, எனக்குப் பசிக்கிறது. நான்காம் வேற்றுமை இந்த வேலையை எப்போதோ செய்துகொடுத்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் நிற்கிற பெயர்ச்சொல் ஒன்றுதான் பாக்கி.

மற்ற பரிந்துரைகளையும் பார்த்துவிடலாம். 'நனவு' கனவுக்கு எதிர்ச்சொல். ஆனால் கனவில் யானை துரத்தும்போதும் பயம் பயமாகத்தானே இருக்கிறது? விழித்திருக்கும் நிலைக்கு நனவு இருக்கட்டும். 'அனுபவம்' பத்து வருட வேலை அனுபவத்துக்கும் போய்விட்டது. 'துய்ப்பு' எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் பல்வலியைத் துய்த்தான் என்று எழுதக் கை வராது. கோத்தகிரி அக்கா தேயிலையை வைத்து 'சுவை' என்றார்கள். ஒரே தூளில் போட்ட டீ இரண்டு பேர் நாக்கில் வேறு வேறாக இருக்கலாமே என்ற அவர்கள் வாதம் பொருளை நன்றாகவே பிடிக்கிறது. இருந்தாலும் அக்கா, சுவை ஐம்புலனில் ஒன்றுக்கு உரியது. 'சிவப்பின் சுவை' என்றால் கவிதையாகிவிடும், கலைச்சொல்லாக நிற்காது.

என் பரிந்துரை உட்பாடு.

'படு' என்ற வினையைப் பாருங்கள். வேதனைப்பட்டான், வெட்கப்பட்டான், ஆசைப்பட்டான், சந்தோஷப்பட்டான். துன்பம் இன்பம் இரண்டுக்கும் ஒரே வினை. கண்ணில் பட்டது, காதில் பட்டது என்கிறோம். 'எனக்கு அப்படித்தான் படுகிறது' என்கிறோம், அங்கேயும் அந்த 'எனக்கு' வந்து நிற்கிறது. பட்டறிவு என்று ஏற்கெனவே ஒரு சொல் உண்டு, மேரிக்கு வெளியே வந்ததும் கிடைப்பது அதுதான் என்று வாதிடலாம். ஆனால் குவாலியா என்பது அறிவு அல்ல, அறிவுக்கு முன்னால் படுகிற அந்த ஒன்று. 'எத்தன்மையது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் பன்மை அது. தத்துவ அறிஞர் சி. ஐ. லூயிஸ் 1929-இல் அதை இன்றைய பொருளுக்கு அருகில் கொண்டுவந்தார்.

இன்னொன்று. தொல்காப்பியம் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. மெய்யில் வெளிப்படுவது, அடுத்தவர் கண்டு அறியக்கூடியது மெய்ப்பாடு. இன்றைய வழக்கில் வெளிப்பாடு என்ற சொல்லும் இருக்கிறது. அப்படியானால் வெளிப்பாட்டுக்கு மறுபக்கம் உட்பாடு. கேட்டவுடனே எதிர்நிலை புரிகிறது, விளக்கவுரை வேண்டியதில்லை.

> பாடு என்றாலே படாத பாடுதான் நினைவுக்கு வருகிறது. 'உட்பட்ட' என்பதோடும் குழம்பும்.

சரியான தடை, மதுரை அம்மாவுக்கு நன்றி. தனியாக நிற்கும் பாடு துன்பத்தின் பக்கம் சாய்வது உண்மை. ஆனால் ஈடுபாடு, பண்பாடு, கோட்பாடு, ஒருமைப்பாடு இவற்றில் எதிலும் துன்பம் இல்லை. முன்னொட்டு வந்ததும் அந்தச் சாய்வு போய்விடுகிறது. 'என் பாடு எனக்குத்தான் தெரியும்' என்று ஊரில் சொல்லும்போது அதில் கஷ்டம் மட்டுமா இருக்கிறது? அடுத்தவர் உள்ளே வந்து பார்க்க முடியாது என்பதும் இருக்கிறது. அது நமக்கு வேண்டும். 'சட்டத்துக்கு உட்பட்டு' என்ற வழக்கோடு உரசல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உட்பாடு என்ற பெயர்ச்சொல்லை அன்றாடப் பேச்சில் நான் கேட்டதில்லை. அதனால் இடம் காலியாக இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, 1995-இல் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் எழுதிய 'கடினச் சிக்கல்' (hard problem) என்பதற்கு என்ன சொல்வது? 'வன்சிக்கல்' வேண்டாம், வன்பொருள் பழுது போலத் தொனிக்கிறது. 'கடின' என்பதும் வழி தவற வைக்கிறது. கவனத்தை மூளை எப்படித் திருப்புகிறது, புலன் தகவலை எப்படி ஒன்றிணைக்கிறது என்பவற்றை அவர் எளிய பக்கத்தில் வைத்தார். அவை நூறாண்டு பிடிக்கலாம், ஆனால் எந்த வழியில் தேடுவது என்பது தெரியும். இந்த இயக்கம் எல்லாம் நடக்கும்போது கூடவே ஏன் ஏதோ ஒன்று படுகிறது என்பதற்கோ வழியே தெரியவில்லை. அளவில் பெரிய கடினம் அல்ல, இனமே வேறு. எனவே 'உட்பாட்டுச் சிக்கல்' என்று பொருளையே பெயராக்கலாம். புதிர் என்று வேண்டாம். புதிர் என்றால் போட்டவரிடம் விடை இருக்கும். மூளை இயக்கத்தை விளக்கிய பிறகும் அனுபவம் விளங்காமல் நிற்பதற்கு 'விளக்க இடைவெளி' என்ற சொல்லில் எனக்கு மறுப்பில்லை.

கடைசியாக ஒரு சோதனை. கலைச்சொல் என்றால் அதை மறுப்பவரும் அதே சொல்லால் மறுக்க முடிய வேண்டும். குவாலியாவை மறுத்த தத்துவ அறிஞர் டேனியல் டென்னட் 1988-இல் வாதிட்டதன் சாரத்தை 'தத்துவ அறிஞர்கள் சொல்லும் தனித்தன்மைகளோடு உட்பாடு என்று எதுவும் இல்லை' என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் நிற்கிறது. சால்மர்ஸின் கற்பனை மனிதனை 'வெளிப்பாடு அத்தனையும் உண்டு, உட்பாடு மட்டும் இல்லை' என்று எழுதினேன். அதுவும் நிற்கிறது. 'உணர்வு' போட்டால் முதல் வாக்கியம் மனிதருக்கு உணர்ச்சியே இல்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது.

திங்கட்கிழமை அந்தப் பையனிடம் சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ பிளம்ஸை அமுக்கும்போது எனக்கு ஒண்ணு படுதே சார், அதுவும் உட்பாடுதானே?" என்றான். ஆமாம் என்றேன். நிறத்தை வைத்தே நான் பேசிக்கொண்டிருந்தேன், தொடுதலை அவன்தான் நினைவுபடுத்தினான். சொற்பட்டியலில் எடுத்துக்காட்டு சேர்க்கும்போது நிறம் ஒன்றை மட்டும் போடாமல் ஊறு, ஓசை, நாற்றம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று போட்டுவிடலாம்.

ஒருமை உட்பாடு, பன்மை உட்பாடுகள், அடையாக வரும்போது உட்பாட்டு. வேறு சொல் சரியென்று படுபவர்கள் மேலே உள்ள இரண்டு வாக்கியங்களிலும் அதை வைத்து எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
கொடைக்கானலிலிருந்து