சைடு பேனல் முளை உடைஞ்சிருச்சு, ஒட்ட முடியுமா?

கேள்வி:
125 சிசி பைக். சைடு பேனல்ல ரப்பர் புஷ்ஷுக்குள்ள போற முளை அடியோட உடைஞ்சு தனியா வந்திருச்சு. பக்கத்துல 4 செ.மீ. விரிசல் வேற. சூப்பர் குளூ தாங்கல. வெளிப் பெயிண்ட் கெடாம சரி பண்ண வழி உண்டா?

பதில் 1:
உள்பக்கம் என்ன பிளாஸ்டிக்னு அச்சு இருக்கும், முதல்ல அதைப் பாருங்க. பைக் பேனல்ல பொதுவா ரெண்டு வகை பிளாஸ்டிக்: ஏபிஎஸ் (ABS), பிபி (PP, பாலிப்ரொப்பிலீன்). ஏபிஎஸ்னா அசிட்டோன்ங்கிற கரைப்பான்ல கரையும், பிபின்னா கரையாது. அச்சு இல்லைன்னா ஒரு சீவல் எடுத்து, சோப்பு சொட்டு விட்ட தண்ணியில அமுக்கி விடுங்க. மிதந்தா பிபி. மூழ்கினா பெரும்பாலும் ஏபிஎஸ்.

ஏபிஎஸ்ஸுக்கு: உடைஞ்ச பழைய ஏபிஎஸ் பேனலை நறுக்கி, மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல துண்டு மூழ்குற அளவு அசிட்டோன் ஊத்தி ராத்திரி விடுங்க, தேன் பதத்துக்குக் கூழா வரும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், தண்ணியும் எண்ணெயும் கலந்தது. விரிசல் முடியிற இடத்துல 2 மி.மீ. துளை போடுங்க. போடலைன்னா ஒட்டின பிறகும் அங்கிருந்து ஓடும். உள்பக்கம் பாதி கனத்துக்கு வி பள்ளம் சீவி, 80 நம்பர் உப்புத்தாள் தேய்ச்சு, கூழை மெல்லிசா மூணு கோட் பூசுங்க. ஒரே தடவையில கெட்டியாப் பூசினா மேல்தோல் காய்ஞ்சு அசிட்டோன் உள்ளே மாட்டிக்கும். குமிழ் வரும், பேனல் இளகி நெளியும். கடைசி கோட்டுக்குப் பிறகு 48 மணி நேரம் தொடக்கூடாது. வெளிப்பக்கம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க, ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் போச்சு.

பதில் 2:
முளைக்கு கூழ் மட்டும் பத்தாது நண்பரே, இழுவை மொத்தமும் அந்த அடியிலதான். உடைஞ்ச முகம் ரெண்டும் பொருந்துற மாதிரி வெச்சு ஒரு சொட்டு சூப்பர் குளூ, நிறுத்தி வைக்க மட்டும். ஸ்டெயின்லெஸ் வலையை 1 செ.மீ. அகலத்துக்கு வெட்டி எல் வடிவில மடிச்சு, பாதி முளையில, பாதி பேனல்ல படுற மாதிரி சால்டரிங் அயர்னால அமுக்கிப் புதைங்க. பாதி கனத்துக்கு மேல இறங்கினா தடம் வெளியே தெரியும். புகை கெட்டது, வெளியில உட்கார்ந்து செய்ங்க. இந்த வேலை முடிஞ்சு அயர்ன் ஆறின பிறகுதான் அசிட்டோன் பாட்டிலைத் திறக்கணும்; அதோட ஆவி சட்டுனு தீப்பிடிக்கும்.

பிபியா இருந்தா கூழும் பிடிக்காது, சாதாரண எப்பாக்ஸி பசையும் உரிஞ்சு வரும். வலை புதைச்சு, மேலே பிபி துண்டையே உருக்கி நிரப்பணும்.

பதில் 3:
ரப்பர் புஷ்ஷை மாத்தாம பேனலை மாட்டாதீங்க. இறுகிப் போன புஷ்தான் முளையை முறிக்குது. மாட்டும்போது சோப்புத் தண்ணி தடவுங்க, கழட்டும்போது முளைக்குப் பக்கத்துல பிடிச்சு நேரா இழுங்க. ஹெட்லைட் கண்ணாடி பெரும்பாலும் பாலிகார்பனேட்ங்கிற பிளாஸ்டிக், அதுகிட்ட அசிட்டோனைக் கொண்டு போகவே வேண்டாம். பட்டதும் வெளுத்து நுண்விரிசல் விடும்.