ஃபேசிங் என்பதற்கு ‘மட்டஞ்சேர்ப்பு’

வணக்கம் ஐயா,

பல துண்டுகளால் ஆன தொலைநோக்கி ஆடியைச் சரிசெய்யும் அலைன்மென்ட் (alignment), ஃபேசிங் (phasing) என்ற இரண்டு வேலைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடியபோது நீங்கள் எழுதியது:

> அலைன்மென்ட், ஃபேசிங் இரண்டுக்குமே ‘சீரமைப்பு’ என்று போட்டுவிடலாம். வாசகருக்கு அந்த நுணுக்கம் தேவைப்படாது.

இதில் எனக்கு உடன்பாடில்லை. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 6.5 மீட்டர் ஆடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. 2022 பிப்ரவரியில் அதை ஒரு விண்மீனை நோக்கித் திருப்பியபோது 18 புள்ளிகள் சிதறித் தெரிந்தன. ஒவ்வொரு துண்டையும் சாய்த்துத் திருப்பி, புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். வெளிச்சம் கூடியது, கூர்மை கூடவில்லை. அப்போதும் அது 18 சின்னத் தொலைநோக்கிகள்தான். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே மெல்லிய படி, அதாவது ஏற்ற இறக்கம், நின்றது. ஒரு துண்டு கொஞ்சம் பின்தள்ளி இருந்தால், ஒளி அந்தத் தூரத்தைப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை கடக்கிறது, பிழை இரட்டிப்பாகிறது. அந்தப் படியை அலைநீளத்தில் சிறு பங்காகக் குறைத்த பிறகுதான், மார்ச்சில், பதினெட்டும் ஒரே ஆடியாயின.

சாய்வைத் திருத்துவது (அலைன்மென்ட்) ஒரு வேலை, படியை எடுப்பது (ஃபேசிங்) வேறு வேலை. ஒரே சொல்லை வைத்தால் ‘சீரமைத்த பிறகு சீரமைத்தார்கள்’ என்றல்லவா எழுத வேண்டிவரும்? அதோடு, சீரமைப்பு என்றாலே சாலையும் ஏரியும்தான் நினைவுக்கு வருகின்றன. சரி, ஃபேஸ் (phase) என்பதைக் ‘கட்டம்’ என்னும் பாடநூல் வழியில் ‘கட்டமாக்கல்’ எனலாமா? ‘முதல் கட்ட கட்டமாக்கல்’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

டைல்ஸ் பதிக்கும் கொத்தனார் ரப்பர் சுத்தியலால் தட்டிவிட்டு, இரண்டு கல் சேருமிடத்தில் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுவார். நகம் இடறினால் ‘மட்டம் சேரலை’ என்று மறுபடி தட்டுவார். ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியில் 36 துண்டுகளின் விளிம்புகளில் இருக்கும் உணரிகள் பார்ப்பதும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். அதை வைத்து வினாடிக்கு இரண்டு முறை துண்டுகளைத் திருத்துகிறார்கள்.

அதனால் என் பரிந்துரை: அலைன்மென்ட் நேர்ப்படுத்தல், ஃபேசிங் மட்டஞ்சேர்ப்பு. குழிந்த ஆடிக்கு மட்டம் எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். குளியலறைத் தரைக்கு வாட்டம் கொடுத்துப் பதிக்கும்போதும் கல்லுக்குக் கல் மட்டம் பார்க்கிறார்களே. வினையாகவும் நன்றாக வளைகிறது: ‘துண்டுகளை மட்டஞ்சேர்த்தார்கள்’, ‘மட்டஞ்சேராத துண்டு’.

அப்புறம், முதலில் தோராயமாகவும் பிறகு நுட்பமாகவும் செய்வதை ‘பரு’, ‘நுண்’ சேர்த்துப் பிரிக்கலாம். ‘பருமட்டஞ்சேர்ப்பு’ மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. சுருக்க வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்