பெரியப்பாவோட 1963 ஸ்டூடிபேக்கர் அவான்டி கார்: எங்க குடும்பக் குழுவுல ஒரு சனிக்கிழமை

நம்ம வீடு 🏡

பெரியப்பா: (புகைப்படம்)

பெரியப்பா: அவான்டிக்கு அடியில படுத்து எடுத்தது. டிரைவர் கதவுக்கு நேர் கீழ. ஸ்க்ரூடிரைவர் முனையை வச்சு லேசா அழுத்தினேன், அப்படியே உள்ள போயிடுச்சு.

மீனா அத்தை: ஐயோ, என்ன அண்ணா இது! அது ஃபைபர் பாடியாச்சே, அதுல எப்படி துரு?

பெரியப்பா: மேல தெரியற பாடிதான் ஃபைபர்கிளாஸ் மீனா. அடியில எல்லாம் இரும்பு. ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ நீளவாக்குல தகரத்துல ஒரு பெட்டி ஓடும். ஹாக் ட்ரஃப்னு சொல்லுவாங்க. பாடி தொய்யாம தாங்கறதே அதுதான். மிச்சிகன்ல குளிர்காலத்துல ரோட்டுல கொட்டற உப்பு தண்ணியோட சேர்ந்து உள்ள தேங்கி, உள்ளேயிருந்தே அரிச்சிடும். முன்னாடி வச்சிருந்த யாரோ மேல கறுப்பா அண்டர்கோட்டிங் அடிச்சு மூடிட்டாங்க. அதான் இத்தனை நாளா கண்ணுல படல.

கார்த்தி: நான் வந்திருந்தப்போ அந்தக் கதவு உரசுச்சே, இதனாலதானா பெரியப்பா?

பெரியப்பா: இதனாலதான்டா. ஜாக்குல தூக்கினா கதவு இடுக்கு மாறுது. பாடி வளையுதுன்னு அர்த்தம்.

வித்யா அக்கா: அப்பா, அப்போ இனிமே அதை ரோட்டுல எடுக்காதீங்க. ப்ளீஸ்.

பெரியப்பா: எடுக்கலம்மா. ஷெட்டுலயே நிக்கட்டும்.

கார்த்தி: பெரியப்பா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. எப்படியும் பாதி வண்டியைக் கழட்டப் போறோம். இன்ஜினையும் மாத்திட்டா என்ன? ஜிஎம் செய்யற நவீன இன்ஜின், ஒரு எல்எஸ் வி8, ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ். குளிரோ வெயிலோ, சாவியைத் திருப்பினா ஸ்டார்ட் ஆகும். பார்ட்ஸ் எந்தக் கடையிலயும் கிடைக்கும்.

வித்யா அக்கா: அவன் சொல்றதும் சரிதானேப்பா? வுட்வர்டு க்ரூஸ்ல, அந்தப் பழைய கார் ஊர்வலத்துல, ட்ராஃபிக்ல நின்னப்போ இன்ஜின் சூடு காட்டற முள் ஏறிக்கிட்டே போச்சே, எனக்கு உயிரே போயிடுச்சு.

பெரியப்பா: ஏறினது உண்மைதான். அது ரேடியேட்டர் வேலை, அதைச் சரி பண்ணலாம். இன்ஜினை மாத்த வேண்டாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

பெரியப்பா: இந்த இன்ஜின் நம்பர் ஆர்எஸ்னு தொடங்குது. அப்படின்னா ஆர்2. 289 கன அங்குல ஸ்டூடிபேக்கர் வி8, கூட பாக்ஸ்டன் சூப்பர்சார்ஜர். சாதா ஆர்1ல 240 குதிரைத்திறன், இதுல 289. சூப்பர்சார்ஜர் காத்தை கார்புரேட்டர் வழியாவே அழுத்தி அனுப்பும், அதனால கார்புரேட்டரையே காத்து கசியாம சீல் பண்ணியிருப்பாங்க. 1963, 64 ரெண்டு மாடல் வருஷமும் சேர்த்து அவான்டி மொத்தம் 5,000 கூட வரல. அதுலயும் ஆர்2 ஒரு பகுதிதான். சவுத் பெண்ட்ல இருக்கிற ஸ்டூடிபேக்கர் ம்யூசியத்துல, ஃபேக்டரியில இந்த வண்டிக்கு எழுதின புரொடக்‌ஷன் ஆர்டர் நகல் வாங்கினேன்ல, அதுல இருக்கிற இன்ஜின் நம்பரும் வண்டியில இருக்கிறதும் ஒண்ணு. அறுபது வருஷம் கழிச்சும் இந்த ரெண்டும் பிரியாம இருக்கு. நம்ம கையால பிரிக்கணுமா?

கார்த்தி: ஆனா பெரியப்பா, 1965ல நியூமன், ஆல்ட்மன் ரெண்டு பேரும் அவான்டி 2ன்னு திரும்பச் செஞ்சப்போ ஷெவர்லே 327 இன்ஜின்தானே வச்சாங்க? அவங்க ஸ்டூடிபேக்கர் டீலர்ங்கதான். அவங்களே மாத்தினாங்கன்னா நாம மாத்தறதுல என்ன தப்பு?

பெரியப்பா: நல்ல கேள்வி. அவங்களுக்கு வேற வழியில்ல. 1963 டிசம்பர்ல சவுத் பெண்ட் ஃபேக்டரியை மூடறதா அறிவிச்சுட்டாங்க, அதுக்கப்புறம் அந்த இன்ஜின் செய்ய ஆளில்ல. கனடாவுல ஹாமில்டன்ல தொடர்ந்து செஞ்ச ஸ்டூடிபேக்கர்லயே கடைசி ரெண்டு வருஷம் ஷெவர்லேவோட தாய் கம்பெனி ஜிஎம் இன்ஜின்தான். இன்ஜின் கிடைக்காதவன் மாத்தினதும், நல்ல இன்ஜினைக் கையில வச்சிருக்கிறவன் மாத்தறதும் ஒண்ணாகுமா?

பெரியப்பா: இன்னொண்ணும் இருக்கு. ஷெவர்லே இன்ஜின் உயரம். அதுக்கு இடம் விட அவான்டி 2ல முன்பக்கத்தைத் தூக்கிட்டாங்க. 63 வண்டியைப் பக்கவாட்டுல நின்னு பாரு. மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் ஏறி, பாயற மாதிரி நிக்கும். டிசைனர் ரேமண்ட் லோவி, 1961ல பாம் ஸ்பிரிங்ஸ்ல ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கெல்லாக், ஆண்ட்ரூஸ், எப்ஸ்டீன்னு தன்னோட டிசைனர்கள் மூணு பேரையும் உக்கார வச்சு சில வாரத்துல கொண்டுவந்த வடிவம் அது. முன்னாடி கிரில் கிடையாது, காத்து பம்பருக்குக் கீழேயிருந்து வரும். இன்ஜினை மாத்தினப்போ போனது அந்த நிப்புதான்.

கார்த்தி: (அவான்டி 2 புகைப்படம்) இப்பதான் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கறேன். ஆமா, நேரா நிக்குது.

அப்பா: அண்ணா, இன்ஜின் உங்க இஷ்டம். எனக்கு பிரேக்தான் கவலை. பின் சீட்டுல குழந்தைங்களை உக்கார வச்சுப் போறீங்க. மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட்தானே?

பெரியப்பா: ஒரே சர்க்யூட்தான் தம்பி. முன்னாடி டிஸ்க் பிரேக், அந்தக் காலத்து அமெரிக்க வண்டியில அது அபூர்வம். ஆனா எங்கயாவது ஒரு லைன் கசிஞ்சா நாலு சக்கரத்துலயும் பிரேக் போயிடும். அதை ரெட்டை சர்க்யூட்டா மாத்திடறேன். அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல.

மீனா அத்தை: அப்போ மாத்தலாம்னு நீங்களே சொல்றீங்களே அண்ணா. எதை மாத்தலாம், எதை மாத்தக்கூடாது?

பெரியப்பா: வெட்டாம, வெல்டு வைக்காம, ஸ்பேனரால மாட்டி ஸ்பேனராலயே கழட்ட முடியற எதையும் மாத்தலாம் மீனா. கழட்டின பழைய பாகத்தை பேர் எழுதி பெட்டியில போட்டு வைக்கணும். பிரேக் அதுல வரும். தீப்பொறிக்கு கரன்ட்டை வெட்டி விடற பழைய பாயின்ட்டை எடுத்துட்டு அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள எலக்ட்ரானிக் இக்னிஷன், அதுவும் வரும். பெரிய ரேடியேட்டர் பழைய போல்ட்டுலயே உக்காந்தா சரி. இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க, பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது. எல்லாத்தையும் புதுசா போட்டுடலாம். மூணு முனை சீட் பெல்ட்டும் போடணும். கூரைக்குள்ள இரும்பு ரோல் பார் ஏற்கெனவே இருக்கு, எங்க மாட்டலாம்னு பாக்கணும். எல்எஸ் வைக்கணும்னா இன்ஜின் மவுன்ட், எக்ஸாஸ்ட், வயரிங், கியர்பாக்ஸ் சுரங்கம் எல்லாத்துலயும் கை வைக்கணும். அப்புறம் திரும்பி வர வழியில்ல.

கார்த்தி: சரி பெரியப்பா. இன்ஜின் பேச்சை விட்டுட்டேன். இந்த விதி எனக்குப் பிடிச்சிருக்கு.

வித்யா அக்கா: கலர்? அந்த ஆர்டர்ல டர்க்காய்ஸ்னு இருந்துச்சே. இப்ப இருக்கிற சிவப்பு யாரோ அடிச்சதுதானே? எனக்கு டர்க்காய்ஸ் வேணும்ப்பா!

கார்த்தி: மேட் கறுப்பு, அக்கா. சும்மா யோசிச்சுப் பாருங்க.

வித்யா அக்கா: வேண்டவே வேண்டாம் 😀

பெரியப்பா: டர்க்காய்ஸ்தான். ஆனா இப்ப இல்ல. ட்ரஃப் மாத்தும்போது பாடி அசையும், புது பெயின்ட் விரிசல் விடும். அந்த வேலை முடிஞ்சு, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்து, கதவு இடுக்கு மாறாம நின்னாத்தான் பெயின்ட். ஃபைபர்ல பெயின்ட் ரிமூவர் ஊத்தவும் கூடாது, உள்ள ஊறிப்போய் பின்னாடி கொப்புளமா கிளம்பும். கையால தேய்ச்சுத்தான் எடுக்கணும். அது பொறுமையா செய்ய வேண்டிய வேலை.

அப்பா: பின் லைட் ஒண்ணு மங்கலா எரியுதுன்னு சொன்னீங்களே, பல்பு மாத்தினீங்களா?

பெரியப்பா: மாத்தினேன், அப்பவும் மங்கல்தான். அது எர்த் வயர். மத்த கார்ல இரும்பு பாடியே எர்த் ஆயிடும். ஃபைபர் கரன்ட்டைக் கடத்தாது, அதனால ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் ஃப்ரேம் வரைக்கும் போகணும். எங்கயோ ஒரு முனை துருப்பிடிச்சிருக்கு. இந்த வண்டியில எலக்ட்ரிக்கல்ல எது மக்கர் பண்ணினாலும் நான் முதல்ல எர்த்தைத்தான் பாப்பேன்.

மீனா அத்தை: எப்போ முடியும் அண்ணா? ஆகஸ்ட்ல நாங்க வர்றோம்.

பெரியப்பா: ஆகஸ்ட்டுக்குள்ள முடிக்கணும்னுதான் பாக்கறேன். நம்மகிட்ட இருக்கிறது ஹிஸ்டாரிக் பிளேட், பழைய காருக்குக் கொடுக்கற நம்பர் பிளேட். மத்த மாசம் எல்லாம் கார் ஷோ, கிளப் நிகழ்ச்சிக்கு மட்டும்தான் எடுக்கலாம். மிச்சிகன்ல ஆகஸ்ட் மாசம் மட்டும் எங்க வேணும்னாலும் ஓட்டலாம். அந்த ஒரு மாசத்தை விட எனக்கு மனசு வராது.

கார்த்தி: அடுத்த சனிக்கிழமை காலையில கொலம்பஸ்லேர்ந்து கிளம்பி வந்துடறேன். ட்ரஃப் வேலை எப்படி ஆரம்பிக்கப் போறீங்க?

பெரியப்பா: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல செஞ்ச புது ட்ரஃப் ரெண்டும் ஆர்டர் போட்டுட்டேன். ஒரு பக்கம் முழுசா முடிச்சுட்டுத்தான் மறுபக்கம் தொடணும். ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்தா பாடி நடுவுல உக்காந்துடும். முதல்ல பாடிக்கு முட்டுக் கொடுத்து, கதவு இடுக்கு மேலயும் கீழயும் ஒண்ணா வர்ற வரைக்கும் சரி பண்ணணும். அப்புறம்தான் பழைய ரிவெட்டை அறுக்கணும்.

அப்பா: நானும் வர்றேன் அண்ணா. பின் பிரேக்கை நான் பாத்துக்கறேன்.

பெரியப்பா: வா தம்பி. அந்த டிரம்முக்கு சாதா புல்லர் ஆகாது. ஆக்சில் முனை கூம்பு மாதிரி இருக்கும், ஹப் அதுல இறுகிப் போயிருக்கும். வீல் ஸ்டட்டுல மாட்டற பெரிய புல்லர் கொண்டு வா. நட்டை முழுசாக் கழட்டிடாதே, ரெண்டு மூணு மரை விட்டு வை. ஹப் விடும்போது வெடிச்ச மாதிரி கிளம்பும், நட்டு இல்லன்னா ஆள் மேலயே வந்து விழும். வண்டியைத் தாங்கற ஸ்டாண்டு நாலும் எங்கிட்ட இருக்கு.

மீனா அத்தை: ரெண்டு பேரும் கண்ணாடி போட்டுக்கிட்டு வேலை பாருங்க. ஃபைபர் தூசி கண்ணுல படக்கூடாது.

கார்த்தி: மாஸ்க்கும் கொண்டு வர்றேன் அத்தை. பெரியப்பா, சனிக்கிழமை எட்டரைக்கெல்லாம் அங்க இருப்போம்.