ஊட்டியில் வீட்டு வாசலிலேயே ஸ்விஃப்ட் டீசல் டர்போ மாற்றலாமா?

பிங்கர்போஸ்ட்_டீசல்:
வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல், 1.3, 75 குதிரைத்திறன். 1,46,000 கி.மீ. ஓடியிருக்கு. ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி சத்தம். 2,000 ஆர்பிஎம் தாண்டியும் பிக்கப் இல்லை. காலையில ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை. ஆயிலும் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் குறையுது. ஞாயிற்றுக்கிழமை குன்னூர்ல இருந்து ஒருத்தரும் கோவையில இருந்து ஒருத்தரும் கைகொடுக்க வர்றாங்க. டர்போ (என்ஜினுக்குக் காத்தை அமுக்கி அனுப்பற பாகம்) போச்சுன்னு நினைக்கறேன். கோர் (ஷாஃப்ட், பேரிங், வீல் இருக்கற நடுப்பகுதி) மட்டும் மாத்தினா போதுமா, முழு டர்போவா? கூடவே என்னென்ன வாங்கி வைக்கணும்? வாசல் லேசா சரிவு.

குன்னூர்_ரிங்ஸ்பேனர்:
டர்போவுக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி அதுதான் போச்சான்னு பாருங்க. இன்டர்கூலர் (டர்போ அமுக்கின காத்தை ஆற வைக்கறது) ஹோஸ் அடிப்பக்கம் கீறியிருந்தாலும் பிக்கப் போகும், சத்தமும் வரும். அங்க "உஸ்"னு காத்துச் சத்தம் வரும், கரும்புகை தள்ளும். உங்களுக்கு நீலப் புகை, அது ஆயில் எரியற புகை.

என்ஜின் ஆறினதும் ஏர் ஃபில்டர்ல இருந்து டர்போவுக்கு வர்ற பைப்பைக் கழட்டி, கம்ப்ரசர் வீலை (காத்தை அமுக்கற இறக்கைச் சக்கரம்) விரலால பிடிச்சு ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல கொஞ்சம் ஆடும். அது இயல்பு, ஓடும்போது பேரிங்குக்குள்ள ஆயில் படலம் வந்து அந்த இடைவெளியை நிரப்பும். ஆனா முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினா கைக்கு ஆட்டமே தெரியக் கூடாது. தெரிஞ்சா த்ரஸ்ட் பேரிங் (ஷாஃப்ட் முன்பின் நகராம தடுக்கறது) முடிஞ்சது. இறக்கை நுனி ஹவுசிங்ல (வெளிக்கூட்டுல) உரசின பளபளப்பான தடம் இருந்தா மேற்கொண்டு யோசிக்க ஒண்ணுமில்லை.

இன்னொண்ணு. என்ஜின் ஐடிலிங்ல இருக்கும்போது ஆயில் ஊத்தற மூடியைத் திறங்க. புகை குபுகுபுன்னு வந்தா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கு, இல்லேன்னா ப்ரீதர் (என்ஜினுக்குள்ள சேர்ற காத்து வெளியேறற குழாய்) அடைச்சிருக்கு. அதைச் சரி பண்ணாம புது டர்போ போட்டாலும் நீலப் புகை நிக்காது. டர்போவுக்குள்ள இருக்கறது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய இரும்பு வளையம். கிராங்க் கேஸ்ல (என்ஜினோட அடிக்கூட்டுல) அழுத்தம் ஏறினா டர்போ ஆயில் கீழே வடிய வழியில்லாம அந்த வளையத்தைத் தாண்டி வெளியே வந்துடும். ரிட்டர்ன் பைப் (டர்போ ஆயில் என்ஜினுக்குத் திரும்பி வடியற குழாய்) அடைச்சாலும் இதே கதைதான்.

கோவை_ஆயில்கேன்:
டர்போ தானா சாகறது குறைவு. கொல்றது பெரும்பாலும் ஆயில்தான், ஒண்ணு வர்றதில்லை, இல்லேன்னா அழுக்கா வருது. அதனால முதல்ல வாங்க வேண்டியது ஃபீட் பைப், அதாவது டர்போவுக்கு ஆயில் கொண்டு போற குழாய். மேட்டுப்பாளையத்துல இருந்து பர்லியார் வழியா மூச்சு முட்ட ஏறி வந்து, வாசல்ல நிறுத்தின உடனே சாவியைத் திருப்பிடறோம். ஷாஃப்ட் சூட்டுல உள்ளே தங்கின ஆயில் கருகிக் கரியாகுது. வருஷக்கணக்கா இப்படிச் சேர்ந்த கரி ஃபீட் பைப்போட மேல்முனையை ஊசித் துவாரம் அளவுக்கு அடைச்சுடும். கம்பி விட்டுக் குத்தறதெல்லாம் வேண்டாம், பெயர்ந்து வர்ற துணுக்கு நேரா புது பேரிங்குக்குத்தான் போகும். புது பைப்பே போடுங்க.

வாங்க வேண்டியவை: ஃபீட் பைப், பேன்ஜோ போல்ட்டுக்கு (ஆயில் போக உள்ளே துளை இருக்கற போல்ட்) புது செம்பு வாஷர் (ஒரு பேன்ஜோவுக்கு ரெண்டு), ரிட்டர்ன் பைப் கேஸ்கெட், மேனிஃபோல்ட் (என்ஜின் புகை டர்போவுக்கு வர்ற குழாய்த்தொகுதி) பக்கமும் சைலன்சர் பக்கமும் உலோக கேஸ்கெட், எக்ஸாஸ்ட் ஸ்டட்டும் (தலையில்லாத போல்ட்) நட்டும் ஒரு செட், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர். ஆயில் மூணு லிட்டர் சொச்சம் பிடிக்கும், 4 லிட்டர் கேன் எடுத்துக்கங்க. 5டபிள்யூ-30, வண்டிக் கையேட்டுல போட்டிருக்கற கிரேடு.

கோரா முழுசாங்கறது ஹவுசிங்கைப் பொறுத்தது. கம்ப்ரசர் ஹவுசிங்ல உரசல் இல்லாம, டர்பைன் (புகை போற பக்கம்) ஹவுசிங்ல வேஸ்ட்கேட் (அதிகப் புகையைத் திருப்பி விடற கதவு) உட்காரற இடத்துல விரிசலும் இல்லாம இருந்தா பேலன்ஸ் பண்ணின கோர் போதும். பழசைக் கழட்டறதுக்கு முன்னாடி ஹவுசிங் ரெண்டும் கோரும் எந்தக் கோணத்துல நிக்குதுன்னு பெயின்ட் மார்க்கர்ல கோடு போட்டுடுங்க. ஆக்சுவேட்டர் ராடோட (வேஸ்ட்கேட்டைத் திறக்கற கம்பி) நட்டைத் தொடவே கூடாது. உரசியிருந்தா முழு டர்போ. வாங்கும்போது ஹவுசிங் மேல இருக்கற தகட்டு நம்பரை ஒப்பிட்டுப் பாருங்க. உங்களோடது வேஸ்ட்கேட் வெச்ச சாதா டர்போ. எர்டிகா, சியாஸ்ல வந்த 90 குதிரைத்திறன் 1.3-ல இருக்கறது விஜிடி, புகை பாயற இறக்கைக் கோணம் மாறற வகை. என்ஜின் ஒண்ணுதானேன்னு அதைத் தலையில கட்டப் பார்ப்பாங்க, உஷார்.

பிங்கர்போஸ்ட்_டீசல்:
நன்றிங்க. பார்த்துட்டேன். முன்னும் பின்னும் நல்லா ஆடுது, ஹவுசிங்ல உரசின தடமும் இருக்கு. இறக்கை எதுவும் உடையலை. ஆயில் மூடியில புகை பெருசா இல்லை. இன்டர்கூலர் ஹோஸைக் கழட்டினா அரை டம்ளர் ஆயில் ஊத்துது. முழு டர்போவே சொல்லிட்டேன். ஸ்டட் எல்லாம் துருவேறிச் சிவந்து கிடக்கு, அதைப் பார்த்தாத்தான் பயம்.

குன்னூர்_ரிங்ஸ்பேனர்:
மலை ஈரத்துல எல்லா வண்டியிலயும் அப்படித்தான். வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி ரெண்டு தடவையும் என்ஜின் வெதுவெதுப்பா இருக்கும்போது துரு எடுக்கற ஸ்ப்ரே அடிச்சு விடுங்க. கொதிக்கற மேனிஃபோல்ட்ல அடிக்காதீங்க, பத்திக்கும். நட்டுக்கு ஆறுமூலை சாக்கெட்தான், பன்னிரண்டு மூலை வேண்டாம், மூலை மழுங்கிடும். முதல்ல இறுக்கற பக்கம் ஒரு நூல் திருப்பி, அப்புறம் கழட்டுங்க. கிறீச்சுன்னு கத்தினா நிறுத்தி, மறுபடி ஸ்ப்ரே, மறுபடி முன்னும் பின்னும். ஸ்டட் நட்டோட சேர்ந்து கழன்டு வந்தா நல்லதுதான், புதுசு கையில இருக்கே. உடைஞ்சு உள்ளே நின்னா ஈஸி-அவுட் (உடைஞ்ச போல்ட்டைத் துளைச்சுத் திருகி எடுக்கற கருவி) விடாதீங்க. அது உள்ளேயே முறிஞ்சா டிரில்லும் இறங்காது. மிச்சத்து மேல ஒரு நட்டை வெச்சு வெல்டு அடிச்சு, சூட்டோட கழட்டறதுதான் வழி. அதுக்கு ஒரு வெல்டிங் பட்டறைக்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, ஞாயிறு கடை இருக்காது. வெல்டு அடிக்கும்போது பேட்டரி வயர் கழட்டியே இருக்கணும்.

சரிவைப் பத்திக் கேட்டீங்க. வண்டியைச் சரிவுக்குக் குறுக்கா நிறுத்தாதீங்க. மூக்கு மேட்டுப் பக்கம் பார்த்து நிக்கட்டும், ரெண்டு பின்சக்கரத்துக்கும் பள்ளத்துப் பக்கம் கட்டை, ஹேண்ட் பிரேக், கியர். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்கவே கூடாது, ரெண்டு ஸ்டாண்டு வேணும். மண் தரைன்னா ஸ்டாண்டுக்கு அடியில தடிப்பலகை. அந்த இடமும் சமமா இல்லேன்னா பக்கத்துல யாரோட தளம் போட்ட வாசலாவது கேட்டு வாங்குங்க.

கழட்டற வரிசை: பேட்டரி நெகட்டிவ், ஏர் ஃபில்டர் பெட்டி, ஹீட் ஷீல்டு, ரெண்டு பக்க ஹோஸ், ஃபீட் பைப், அடியில சைலன்சர் பக்க நட்டு, ரிட்டர்ன் பைப், கடைசியா மேனிஃபோல்ட் நட்டு. கடைசி நட்டு வரும்போது ஒருத்தர் டர்போவை ரெண்டு கையாலயும் தாங்கிக்கணும். திறந்த ஓட்டை எல்லாத்துலயும் சுத்தமான துணி திணிங்க. எத்தனை துணின்னு எழுதி வைங்க, மாட்டும்போது எண்ணணும்.

கூடலூர்_சாணைக்கல்:
டர்போ கழட்டின கையோட என்ஜின் ஃப்ளஷ் ஆயில் ஊத்தி ஓட்டிடுங்க, உள்ளே இருக்கற கசடெல்லாம் வந்துடும்.

கோவை_ஆயில்கேன்:
அண்ணா, இந்த ஒண்ணுல மட்டும் உங்க பேச்சைக் கேக்க முடியாது. 1,46,000 ஓடின என்ஜின்ல ஃப்ளஷ் ஊத்தினா, இளகின கசடு முதல்ல போய் அடைக்கறது சம்ப்ல (என்ஜின் அடியில ஆயில் தங்கற தொட்டி) இருக்கற ஆயில் பம்ப் சல்லடையைத்தான். புது டர்போவுக்கு ஆயில் ஏறாது. நேரம் இருந்தா சம்ப்பையே இறக்கிச் சல்லடையைக் கழுவறது மேல். இல்லேன்னா புது ஆயிலை 500 கி.மீ.ல ஃபில்டரோட மறுபடி மாத்திடுங்க.

கேஸ்கெட் பேஸ்ட் சம்ப்புக்கு மட்டும். டர்போவோட ஃபீட், ரிட்டர்ன் ரெண்டுலயும் தடவாதீங்க. பிதுங்கின பேஸ்ட் உதிர்ந்து ஆயில் வழியை அடைச்சுடும்.

இன்டர்கூலரைக் கட்டாயம் இறக்கிக் கழுவணும். மண்ணெண்ணெயோ டீசலோ ஊத்திக் குலுக்கி, தலைகீழா ஒரு ராத்திரி வடிய விட்டு, காத்தடிச்சுக் காய வைங்க. ஈரமோ ஆயிலோ துளி தங்கினாலும் ஆபத்து. அதை இழுத்து எரிச்சு என்ஜின் தானா ரேஸ் ஆகும், சாவியை எடுத்தாலும் நிக்காது. அதனால முதல் ஸ்டார்ட் அப்போ ஒருத்தர் டிரைவர் சீட்லயே இருக்கணும். வண்டி ஸ்டாண்டுல இருந்து இறங்கி, முன்னாடி ஆள் இல்லாம நிக்கணும். ரேஸ் ஆச்சுன்னா பிரேக்கை முழுசா மிதிச்சு, அஞ்சாவது கியர் போட்டு கிளட்ச்சைச் சட்டுனு விட்டு அமுக்கிடுங்க. ஏர் பைப் வாயைக் கையால மூடப் போகாதீங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி: ஃபீட் ஓட்டையில 15 மில்லி புது ஆயில் விட்டு வீலை விரலால சுத்துங்க. பைப்பை மாட்டினதும் நாலு இன்ஜெக்டர் கனெக்டரையும் கழட்டிட்டு, பத்துப் பத்து செகண்டா, நடுவுல ஸ்டார்ட்டரை ஆற விட்டு, மூணு நாலு தடவை செல்ஃப் அடிங்க. ரிட்டர்ன் பைப்போட கீழ்முனையை அதுவரைக்கும் ஒரு பாட்டில்ல விட்டு வெச்சா ஆயில் வடியறது கண்ணுல தெரியும். வடிஞ்சாத்தான் அடுத்த வேலை. அப்புறம் எல்லாத்தையும் மாட்டி ஸ்டார்ட் பண்ணி, அஞ்சு நிமிஷம் வெறும் ஐடிலிங். டர்போவோட எம்8 நட்டுக்கு இறுக்கம் 25 என்.எம். (நியூட்டன் மீட்டர்) பக்கம் வரும், ஆனா சர்வீஸ் மேனுவல்ல என்ன எண்ணோ அதுதான் கணக்கு.

கழட்டின கனெக்டரால செக் லைட் எரிஞ்சா பயப்படாதீங்க, ஸ்கேனர்ல அழிச்சுக்கலாம்.

கூடலூர்_சாணைக்கல்:
சரி தம்பி, ஃப்ளஷ் வேண்டாம். ஓட்டிப் பார்க்கறதைப் பத்தி ஒண்ணு சொல்றேன். புது டர்போ போட்டும் கோவையில ஓடற மாதிரி இழுக்கலையேன்னு தேடாதீங்க. ஊட்டி 2,240 மீட்டர். அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்குதான், சுமார் 0.77 பார். டர்போ 1 பார் பூஸ்ட் (வெளிக்காத்துக்கு மேல கூடுதல் அழுத்தம்) கொடுக்குதுன்னு வெச்சுக்கங்க. கடல்மட்டத்துல அது காத்தை 2 மடங்கு அமுக்கினா போதும், ஊட்டியில 2.3 மடங்கு அமுக்கணும். அதே வேலைக்கு வீல் இன்னும் வேகமாச் சுத்தணும், அப்படியும் என்ஜினுக்குப் போற காத்து கம்மிதான். இழுவை பத்தலைன்னு ஆக்சுவேட்டர் ராடைத் திருகி பூஸ்ட் ஏத்தறவங்க மலையில டர்போவைச் சீக்கிரமே கொல்றது இதனாலதான். ஹோஸ் லீக்கோட ஓட்டினாலும் அதே ஓவர் ஸ்பீடு.

முதல் 100 கி.மீ. 2,500 ஆர்பிஎம் தாண்ட வேண்டாம். மசினகுடிக்கு கல்லட்டி வழியா இறங்கி, 36 கொண்டை ஊசியும் ஏறிச் சோதிக்கற ஆசையெல்லாம் அடுத்த வாரம் வைங்க. ஜனவரி உறைபனிக் காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே ரேஸ் பண்ணாதீங்க, ஆயில் கெட்டியா இருக்கும், மேலே ஏற நேரம் எடுக்கும். ஏத்தம் ஏறி வந்து நிறுத்தினா ரெண்டு நிமிஷம் ஐடிலிங்.

பிங்கர்போஸ்ட்_டீசல்:
எல்லாம் குறிச்சுக்கிட்டேன் அண்ணா. பழைய ஆயிலை என்ன பண்றது?

குன்னூர்_ரிங்ஸ்பேனர்:
பழைய கேன்லயே ஊத்தி மூடி, ஆயில் மாத்தற கடையில கொடுத்துடுங்க. ஓடையிலயோ தேயிலைக்குள்ளயோ விட்டுடாதீங்க, கீழே ஊர் முழுக்கக் குடிக்கற தண்ணி. கோவைக்காரர் வண்டி டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) இல்லேன்னா நீலகிரிக்குள்ள வர்றதுக்கான இ-பாஸ் இப்பவே எடுக்கச் சொல்லுங்க, இல்லேன்னா டார்க் ரென்ச்சோட கல்லாறு செக்போஸ்ட்லயே நிப்பாரு.